அறுந்த நார்களின் கணக்கு

வாழைநார் எவ்வளவு இழுவிசை தாங்கும்? கேள்வி சின்னதுதான். பதில் தேடிப் போனால் ஒரு கட்டுரையில் 500 மெகாபாஸ்கல் என்று இருக்கும். இன்னொன்றில் 700. வேறொன்றில் 900-ஐத் தொட்டு நிற்கும். எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள், எல்லோரிடமும் நல்ல மெஷின் இருக்கிறது, யாரும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி ஒரே நாருக்கு இத்தனை விடை?

இந்த செமஸ்டர் முழுக்க எனக்கு இதே வேலையாகப் போய்விட்டது. கூடப் படிக்கிறவர்களுக்கு நான் நாரும் கையுமாகத் திரிந்த கதை தெரியும். மற்றவர்களுக்கு: படிப்பது மெக்கானிக்கல், ஊர் காஞ்சிபுரம், மினி ப்ராஜெக்டுக்கு எடுத்த தலைப்பு வாழைநார். (பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியாகிவிட்டது. புதுசாக ஏதாவது சொல்லுங்கள்.)

முதலில் மெகாபாஸ்கல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு, அதாவது பென்சில் முனை அளவு, பத்து கிலோவைத் தாங்கினால் ஏறக்குறைய 100 மெகாபாஸ்கல். அந்தக் கணக்கில் 500 என்பது ஐம்பது கிலோ. சாதாரணக் கட்டடக் கம்பி அறுந்துபோகும் இடமும் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. நாம் பூ கட்டிவிட்டுக் குப்பையில் போடும் நார், இரும்போடு ஒரே பந்தியில் உட்காரத் தகுதியுள்ளது. ஆனால் இரும்புக் கம்பி பத்தை எடுத்து இழுத்தால் பத்தும் அக்கம்பக்கத்தில்தான் அறும். நார் பத்தை எடுத்தால் பத்தும் பத்து ஊருக்குப் போகும்.

மெஷினுக்கு முறை கிடைக்கும் முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். நாரின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையில் காலி தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றுவது. நார் அறும்போது பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒரே பட்டையிலிருந்து, அடுத்தடுத்துக் கிழித்த நார்கள். ஒன்று முழு பாட்டிலையும் தாங்கிக்கொண்டு இன்னும் ஊற்று என்றது. பக்கத்தில் கிழித்தது பாதி பாட்டிலுக்கே போய்விட்டது. வீடெல்லாம் தண்ணீர், அம்மாவிடம் திட்டு.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, லியனார்டோ டாவின்சி ஐந்நூறு வருடம் முன்பே இதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டார் என்று. அவருடையது இரும்புக் கம்பி. கீழே கூடை, மேலே மணல் தொட்டி, சின்னத் துளை வழியாக மணல் கூடையில் விழும். கம்பி அறுந்ததும் ஒரு ஸ்பிரிங் துளையை மூடிவிடும். அதன்பின் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கி மறுபடியும் செய், கால்வாசியாக்கி மறுபடியும் செய் என்கிறார். கம்பியின் தடிமன் மாறவில்லை, உலோகம் மாறவில்லை, நீளத்தை மட்டும் எதற்கு மாற்ற வேண்டும்? அந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றேன்.

நீளத்துக்கு வருவதற்கு முன் வேறு இரண்டு காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அளப்பதில் வரும் குழப்பம். வலிமை என்பது விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தது. நாரின் குறுக்குவெட்டு வட்டம் இல்லை. கோணலாக, நடுவில் ஓட்டைகளோடு, ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து இருக்கும். மைக்ராஸ்கோப்பில் விட்டம் பார்த்து, வட்டம் என்று வைத்துக்கொண்டு பரப்பைப் போடுகிறோம். விட்டத்தில் 10 சதவீதம் தப்பினால் பரப்பில் 20 சதவீதம் தப்பும். ஆகவே நாம் பார்க்கும் சிதறலில் ஒரு பங்கு நாருடையதே இல்லை, நம்முடையது. பஞ்சாலைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பரப்பை அளக்கும் வம்பே வேண்டாம் என்று, குறிப்பிட்ட நீளத்தை எடைபோட்டு, அந்த எடைக்கு எவ்வளவு தாங்குகிறது என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, நாரின் உள் அமைப்பு. கண்ணுக்கு ஒற்றையாகத் தெரியும் வாழைநார் உண்மையில் பல செல்கள் ஒட்டிய கட்டு. பூக்கடை நாரோ அப்படிப்பட்ட பல கட்டுகளும் நடுவில் காய்ந்த சதையும் சேர்ந்த பட்டை. ஒவ்வொரு செல்லின் சுவரிலும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிக்கொண்டு போகின்றன. நாரின் நீளப்போக்கோடு சேர்ந்து ஓடினால் வலிமை அதிகம், சாய்ந்து சுற்றினால் வலிமை குறைந்து நீட்சி அதிகமாகும். வாழையில் அந்தச் சாய்வு 11 டிகிரி போல. தேங்காய் நாரில் 30-லிருந்து 45 டிகிரிக்கு மேலும் போகும். அதனால்தான் வாழைநார் சில சதவீதம் நீண்டதுமே பட்டென்று போகிறது. தேங்காய் நார் வலிமையில் பின்தங்கினாலும் 15-லிருந்து 40 சதவீதம் வரை இழுபட்டுக்கொண்டே போகிறது. இதன்மேல் வாழை நின்ற மண், பட்டை உள்ளா வெளியா, உரித்தவர் கத்தி எங்கே பட்டது, எவ்வளவு நாள் காய்ந்தது என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கீறல் போட்டுவிட்டுப் போகிறது.

இதையெல்லாம் திருவனந்தபுரத்தில் ஒரு குழு முறையாகவே செய்து பார்த்திருக்கிறது. குல்கர்னி, சத்தியநாராயணா, ரோஹத்கி, கல்யாணி விஜயன் நால்வரும் 1983-ல் வெளியிட்ட கட்டுரை. வாழைநாரின் விட்டத்தை 50-லிருந்து 250 மைக்ரான் வரை மாற்றிப் பார்த்தார்கள், வலிமையில் பெரிய மாற்றம் இல்லை. இழுக்கும் வேகத்தை மாற்றினார்கள், ஒரு கட்டம் வரை அதிலும் இல்லை. சோதிக்கும் நீளத்தைக் கூட்டினார்கள். வலிமை இறங்கிவிட்டது! டாவின்சி நீளத்தைப் பாதியாக்கச் சொன்னது சும்மா இல்லை.

ஏன் இறங்குகிறது? பூ பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு முழம் நாரில் மோசமான ஒரு பலவீனம் இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் வாங்குகிறவருக்குக் கவலையே இல்லை. பத்து முழம் என்றால் அப்படி ஒரு இடமாவது இருக்கும் வாய்ப்பு பத்து சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. நூறு முழம் என்றால் 63 சதவீதம். நார் மாறவேயில்லை, நாம் கேட்கும் நீளம்தான் மாறியது. இழுக்கும்போது நூறு முழமும் ஒரே விசையைத்தான் சுமக்கிறது; அதில் 99 முழம் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்காக்கியவர் பியர்ஸ் என்பவர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம், பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. 1926-ல் அவர் எழுதிய கட்டுரையில், குட்டை நூலின் சராசரியும் திட்டவிலக்கமும் தெரிந்தால் அதைப்போல் பல மடங்கு நீளமான நூலின் வலிமையை ஊகிக்க ஒரு சூத்திரம் கொடுத்தார். பத்து மடங்கு நீளத்துக்குப் போட்டுப் பார்த்தால், சராசரி ஏறக்குறைய ஒன்றரை திட்டவிலக்கம் கீழே இறங்கும். ஆக, நீள நூலின் வலிமையைத் தீர்மானிப்பது குட்டை நூலின் சராசரி மட்டும் இல்லை, அதன் சிதறலும்தான். சராசரி ஒன்றாகவே உள்ள இரண்டு நூலில் சிதறல் அதிகமானது நீளத்தில் தோற்றுப்போகும். பொறியியல் முதல் வருடத்தில் திட்டவிலக்கத்தை ஏதோ பரீட்சைக்காகப் போட்டோம் இல்லையா, அது இங்கே பாரம் தூக்குகிறது.

அடுத்து வாலோடி வைபுல். ஸ்வீடன்காரர். 1939-ல் பொருள்களின் வலிமைக்கு ஒரு புள்ளியியல் கோட்பாடு எழுதினார். 1951-ல் அமெரிக்காவில் வெளியான அவருடைய கட்டுரைதான் உலகப் பிரசித்தம். ஒரே வடிவமுள்ள பரவல் எத்தனை விஷயத்துக்குப் பொருந்துகிறது பாருங்கள் என்று ஏழு உதாரணம் வைத்தார். ஸ்டீல் இருக்கிறது, சாம்பல்துகள் இருக்கிறது, பிரிட்டன் ஆண்களின் உயரம் இருக்கிறது, பீன்ஸ் விதையின் அகலம்கூட இருக்கிறது. அந்த ஏழில் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை! இன்று விமான இன்ஜின் பேரிங் முதல் காற்றாலை வரை எதற்கெடுத்தாலும் வைபுல் வைபுல் என்கிறோமே, அதன் பிறந்த வீட்டுச் சீதனத்தில் நம் பருத்தியும் உண்டு. இது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லப்படவில்லை. பாடப்புத்தகத்தில் சூத்திரம் மட்டும் வானத்திலிருந்து குதித்தது போல இருந்தது.

வைபுல் பரவலில் ஒரு எண் இருக்கிறது. அது பெரிதாக இருந்தால் சிதறல் குறைவு, சிறிதாக இருந்தால் அதிகம். செடி நார்களுக்குப் பெரும்பாலும் சின்ன எண்தான் வரும். 3 என்று வைத்துப் போடுங்கள். நீளம் பத்து மடங்கானால் சராசரி வலிமை 46 சதவீதமாகிவிடும். 2 சென்டிமீட்டர் நாரில் 600 மெகாபாஸ்கல் கண்டவர், அதே நாரை 20 சென்டிமீட்டரில் சோதித்தால் 280-க்கு அருகில் எதிர்பார்க்கலாம். அதுவே எண் 10-ஆக இருந்தால் 79 சதவீதம் மிஞ்சும்.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்துவிட்டது. எந்த நீளத்தில் இழுத்தார்கள் என்று சொல்லாமல் கொடுக்கும் வலிமை எண், எந்த ஊரிலிருந்து என்று சொல்லாமல் கொடுக்கும் தூரம் மாதிரி. (மீதிப் பாதி, நிஜ நார்கள் இந்தச் சூத்திரத்துக்கும் முழுசாகக் கட்டுப்படுவதில்லை. ஒரே நாருக்குள் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் வேறு. நாருக்கு நார் உள்ள வித்தியாசம் வேறு. வைபுல் எண்ணைக் கணிக்கும்போது இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும். அதனால் நிஜத்தில் சூத்திரம் சொல்கிற அளவுக்கு வலிமை இறங்காமலும் இருக்கும்.)

இந்த இடத்தில் எங்கள் ஊர் தொழிலைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. பட்டு செடி நார் இல்லை, தெரியும். புழு விடுவது. ஆனால் இந்தக் கணக்குக்கு ஜாதி கிடையாது. கச்சாப் பட்டு நூலின் பருமனை டெனியரில் சொல்வார்கள், அதாவது 9000 மீட்டரின் எடை எத்தனை கிராம் என்று. வாங்கும்போது 20/22 என்று எழுதியிருக்கும். ஒற்றை எண் கிடையாது, இதிலிருந்து இதற்குள் என்று ஒரு எல்லை. விற்கிற பெயரிலேயே சிதறலை ஒப்புக்கொண்ட சரக்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன், சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். தாத்தா தறி போட்டவர். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்கள், குறுக்கே போவது ஊடை. மூன்று சேலைக்கு ஒரு பாவு என்றால் 18 மீட்டர் போல வரும். அதில் 5000 இழை என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும். அந்த 90 கிலோமீட்டரில் எங்கெங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கெல்லாம் தறி நிற்கும். அறுந்த முனையைத் தேடி, விழுதிலும் அச்சிலும் சரியான கண்ணில் கோர்த்து, முடிந்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

தாத்தாவிடம் கேட்டேன், "ஒரு நாளைக்கு எத்தனை இழை அறும் தாத்தா?"

"அது எப்படிடா சொல்றது. சில பாவு தெய்வம் மாதிரி ஓடும். சில பாவு உசிர வாங்கிடும். ரெண்டும் ஒரே நூல்னுதான் சொல்லிக் குடுப்பாங்க."

"அறுந்தா அந்த நேரத்துக்குக் கூலி உண்டா?"

"சேலைக்குத்தான் கூலி. முடிச்சுக்கு யாரு குடுப்பா?"

என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நான் எழுத நினைத்து எழுத இடமில்லாமல் போன வாக்கியம் இதுதான். நூல் விற்கிறவருக்குச் சராசரி போதும். இத்தனை கிலோ, இத்தனை டெனியர், இவ்வளவு விலை. சிதறலின் செலவு விலைப் பட்டியலில் எங்கேயும் வராது, ஆனால் யாரோ ஒருவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். துண்டுக்கணக்குக் கூலியில் அதைக் கொடுப்பது தறியில் உட்கார்ந்திருப்பவரின் நேரம். அதற்கும் முன்னால், ராட்டையில் நூல் சுற்றுகிறவரின் நேரம். எங்கள் வீட்டில் அது பாட்டி. ராட்டையில் இழுக்கும்போதே நைந்த இடங்கள் அறுந்துவிடும். பாட்டி முடிந்து முடிந்து சுற்றுவார். அங்கே அறுந்தது பாவில் அறாது. தாத்தாவின் தறி கொஞ்சம் நிற்காமல் ஓடியதற்கு ஒரு காரணம், பாட்டி அறுக்க வேண்டியதையெல்லாம் முன்னாலேயே அறுத்துக் கொடுத்தது. அதற்குத் தனியாகக் கூலி கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

பாட்டி செய்ததற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. தாங்கு சோதனை என்று சொல்லலாம். பொருளை வேலைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு குறிப்பிட்ட விசைக்கு இழுத்துப் பார்ப்பது. அறுந்ததை நீக்கு, மிஞ்சியதை அனுப்பு. பரவலின் அடிவாலை அப்படியே வெட்டிவிடுகிறோம். சராசரி ஒன்றும் பெரிதாக ஏறாது, ஆனால் ஆபத்து போய்விடும். ஃபைபர் ஆப்டிக் கண்ணாடி இழைகளை இப்படித்தான் செய்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் இழையின் முழு நீளத்தையும் ஏறக்குறைய 1 சதவீதம் நீளும் அளவுக்கு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சுருட்டுவார்கள். இந்தப் பக்கம் உங்களுக்கு வந்து சேர்ந்த வழியில் அப்படி இழுபட்ட கண்ணாடி எத்தனை கிலோமீட்டர் இருக்குமோ!

வரதராஜப் பெருமாள் கோயில் சன்னதித் தெருவில் பூ கட்டும் அக்காவும் அதையேதான் செய்கிறார். எனக்கு நார் கொடுத்த புண்ணியவதி. தண்ணீரில் ஊறவைத்த நாரைக் கிழித்து, கையில் எடுத்ததும் இரண்டு விரலால் ஒரு சுண்டு. தாங்கினால் பூவுக்கு. இல்லையென்றால் காலடியில். கவனித்தால் ஒரு நொடிகூட ஆகாது.

"ஏன்க்கா ஒவ்வொண்ணயும் சுண்டுறீங்க?"

"பாதி மாலையில அறுந்தா யாருப்பா திரும்பக் கட்டுறது?"

ஊறவைப்பதிலும் விஷயம் இருக்கிறது. காய்ந்த நார் மடியும் இடத்தில் ஒடியும், ஈரம் பட்டால் வளைந்து கொடுக்கும். பருத்திக்கு ஈரத்தில் வலிமையே கூடும். பட்டு நேர் எதிர், நனைந்தால் வலிமை குறையும். ஒரே ஊரில், ஒரு தெரு தள்ளி, இரண்டு தொழில்காரர்கள் தண்ணீரை வேறு வேறு விதமாக நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, லேபுக்கு வருவோம். என் அளவீடுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டியபோது ஒருவர் (யார் என்பது வேண்டாம்) சொன்ன யோசனை: "கீழே தனியா நிக்கிற ரீடிங்கை எல்லாம் எடுத்துடுப்பா, கிராஃப் அழகாயிடும்." நான் எடுக்கவில்லை. வீம்புக்காக இல்லை. எடுக்க நியாயமான காரணம் உண்டு, இல்லாத காரணமும் உண்டு. மெஷினின் பிடியில், அதாவது நாரைக் கவ்வும் இடத்திலேயே அறுந்திருந்தால் அது பிடி நசுக்கியதாக இருக்கலாம். அதை நீக்குவது முறை, எத்தனை நீக்கினோம் என்று சொல்லிவிட்டு. ஆனால் நடுவில் அறுந்த நாரை, குறைவாக வந்தது என்ற ஒரே குற்றத்துக்காக நீக்கினால்? குறைந்த எண்கள்தானே இங்கே விஷயமே. நீள நாரையும் 90 கிலோமீட்டர் பாவையும் ஆளப்போவது அவைதான். தாத்தாவின் தறியில் அந்த ரீடிங்கை யாரும் நீக்கித் தரமாட்டார்கள்.

அக்கா நீக்குகிறாரே என்று கேட்கலாம். அவர் நாரையே நீக்குகிறார். நாம் நாரை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் நீக்குகிறோம்.

இதைவிட நுட்பமான ஒரு தில்லுமுல்லு இருக்கிறது, அதை யாரும் வேண்டுமென்று செய்வதுகூட இல்லை. ஒற்றை நாரை எடுத்து, காகிதச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டி, மெஷினில் மாட்டுவதற்குள் பல நார் கையிலேயே அறுந்துவிடும். அவற்றை யாரும் எண்ணுவதில்லை, வேறு நார் எடுத்து ஒட்டிவிடுவோம். ஆனால் கையில் அறுந்தவை எவை? இருப்பதிலேயே பலவீனமானவை. மெஷின் வரைக்கும் போய்ச் சேர்ந்தவை எல்லாம் ஏற்கெனவே நுழைவுத்தேர்வில் பாஸானவை. இதனால் நாம் வெளியிடும் சராசரி நிஜத்தைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கும். நீளமான நாரை மாட்டுவது இன்னும் கடினம், அங்கே இந்தச் சலுகை இன்னும் அதிகம். நான் ஒரு தாளில் கோடு போட்டு, கையில் அறுந்ததையும் எண்ணி, கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணிக்கையைச் சேர்த்தேன். வைவாவில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. போகட்டும்.

நார் இவ்வளவு நம்பமுடியாதது என்றால் கயிறு எப்படி வேலை செய்கிறது? இது எனக்குப் பிடித்த பகுதி. தேங்காய் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் இருந்தால் அதிகம். ஆனால் தேர் வடம் தெருவின் பாதி நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்குள் முழு நீளத்துக்கும் ஓடும் நார் ஒன்றுகூடக் கிடையாது! எல்லாம் முறுக்கும் உராய்வும்தான். இழுக்க இழுக்க முறுக்கு இறுகும், இறுக இறுக நார்கள் ஒன்றையொன்று கவ்வும். ஒரு நார் அறுந்தாலும் அறுந்த இடத்தில் மட்டும்தான் அது சும்மா இருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி, பக்கத்து நார்களின் பிடியால் மறுபடி தன் பங்குச் சுமையை வாங்கிக்கொள்ளும். பலவீனம் ஒரே இடத்தில் கொல்லாமல் சிதறிவிடுகிறது.

முறுக்கே இல்லாத கட்டுக்கு டேனியல்ஸ் என்பவர் 1945-ல் கணக்குப் போட்டார். பலவீனமான நார்கள் முதலில் போகும், அவற்றின் சுமை மிச்சமுள்ளவற்றின் தலையில் விழும், இப்படியே போய் ஒரு கட்டத்தில் மொத்தமும் சரியும். வைபுல் எண் 3 உள்ள ஆயிரம் நாரைக் கட்டினால் ஆயிரம் மடங்கு சராசரி கிடைக்காது, அதில் 56 சதவீதம் போலத்தான் கிடைக்கும். நஷ்டம்தான். ஆனால் பதிலுக்கு ஒன்று கிடைக்கிறது. அப்படிக் கட்டிய பத்துக் கட்டுகளை இழுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அறும். தனி நாரில் இருந்த சிதறல் கட்டில் அடங்கிவிடுகிறது. பாதி வலிமையைக் கொடுத்து நம்பகத்தன்மையை வாங்குகிறோம். பல புழுக்கூடுகளின் இழையைச் சேர்த்து ஒரு பட்டு நூல், அதில் இரண்டு மூன்றைச் சேர்த்து முறுக்கி ஒரு பாவு இழை என்பதும் இதே வியாபாரம்தான்.

தேருக்குத் தேங்காய் நாரைப் பிடித்தவர்கள் யாரோ, அவர்களுக்கு மெகாபாஸ்கல் தெரியாது. வலிமைப் பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் தேங்காய் நார் கடைசி வரிசையில் நின்றிருக்கும். ஆனால் அது நீளும். வடத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள், தேர் அசையும்போது வெட்டி வெட்டி இழுபடும். அந்த வெட்டை நீண்டு வாங்கிக்கொள்கிறது. உள்ளே சில நார் இறுக்கமாகவும் சில தொளதொளவென்றும் இருந்தாலும், இறுக்கமானது அறுவதற்குள் நீண்டு, மற்றவை சுமைக்கு வந்து சேர நேரம் கொடுக்கிறது. வாழைநாருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அதற்காக வடம் அறாது என்று இல்லை. 2024 ஜூன் மாதம் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் அடுத்தடுத்து அறுந்து, வேறு வடம் கொண்டுவந்து இழுக்க வேண்டியிருந்தது. டிவியில் அன்று முழுக்க அதுதான். அபசகுனமா, அலட்சியமா என்று பட்டிமன்றம். எனக்கு ஓடியது வேறு. ஒரு இடத்தில் அறுந்த கயிற்றை முடிந்து இழுத்தால், அடுத்து அறுவது அடுத்த பலவீனமான இடம். இப்படி அறுந்தறுந்து போகும்போது ஒவ்வொரு தடவையும் மிஞ்சியது முன்னைவிடக் கொஞ்சம் பலமாகத்தான் இருக்க வேண்டும், முடிச்சு குறுக்கே வராவிட்டால். ஆனால் முடிச்சு குறுக்கே வரும். கயிறு முடிச்சில் கூர்மையாக வளையும், அந்த வளைவே புதுப் பலவீனம். போதாததற்கு முந்தைய வெட்டில் உள்ளே எத்தனை நார் ஏற்கெனவே அறுந்ததோ.

முடிச்சு என்றதும் பாட்டி ஞாபகம் வருகிறது. பட்டு இழையில் போடும் முடிச்சு மணி மாதிரி உருண்டு நிற்கக்கூடாது, அச்சின் கண்ணில் மாட்டும், தறி மறுபடி நிற்கும். அதனால் இரண்டு முனையையும் விரலில் உருட்டிச் சேர்ப்பார்கள். அந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்க ஆசை. பாட்டியைக் கேட்டால் "அறாதுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். திட்டவிலக்கம் கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த செமஸ்டரில் செய்ய நினைப்பது: ஒரே வாழை, அதன் வெளிப்பட்டை தனி, நடுப்பட்டை தனி, உள்பட்டை தனி. ஒவ்வொன்றிலும் 2, 5, 10 சென்டிமீட்டர் நீளங்களில் ஐம்பது ஐம்பது நார். ஐந்தோ பத்தோ வைத்து வைபுல் எண்ணைக் கணித்தால் அந்த எண்ணே சிதறி ஆடும், ஐம்பதாவது வேண்டும். மொத்தம் 450. கையில் அறுபவை தனிக்கணக்கு. பூக்கார அக்கா பட்டை எடுத்துவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், சுண்டாத நார்தான் வேண்டும் என்று அவருக்குப் புரியவைக்க மட்டும் ரொம்ப நேரம் ஆயிற்று. நார் கிழிக்கவும் காகிதத்தில் ஒட்டவும் பொறுமையுள்ள இரண்டு பேர் தேவை. டீ என் செலவு.